ஜாம்பி வந்தால் கொங்குப் பக்கம் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது?

காங்கயம் பக்கம் ஜாம்பி வந்தால் துப்பாக்கியா, கொடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். கதைக்குத்தானே, சரி. துப்பாக்கி வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், தோட்டாவும் தீரும், வெடிச்சத்தம் கேட்டு மொத்தக் கூட்டமும் உங்கள் வாசலுக்கு வரும். கொடுவாள் எலும்பில் சிக்கிக்கொள்ளும். என் ஓட்டு தொரட்டிக்குத்தான். ஆட்டுக்குத் தழை அறுக்கிற அதே மூங்கில் தொரட்டி. பத்தடி தள்ளி நின்றே காலை வாரிவிடலாம். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதுங்க.

உடம்புக்குத் திருப்பூர் பனியன் பல் தாங்காது. பவானி ஜமக்காளத்தைக் கிழித்து முன்கையில் இறுக்கிச் சுற்றுங்கள் (நெய்தவர் மன்னிக்கட்டும்). அப்புறம் தங்க இடம்? கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி முள்ளும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கும், ஆடே நுழையாது. படலைச் சாத்த மட்டும் மறக்காதீர்கள்.