சத்தம் போட்டு வாசிக்கவேண்டிய கணக்கு

வணக்கம் அம்மா,

அருணா ராய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு ஊழலை எதிர்த்த அவரைப் போல் ஒருவர் நம் மலேசியத் தமிழர்களில் ஏன் தோன்றவில்லை? எங்கள் கோவில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருப்பணிச் செலவுக்குக் கணக்குக் கேட்டேன். ‘எல்லாம் ஆடிட் ஆயிடுச்சு, உக்காரு’ என்றார் தலைவர். ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. நம் ஆட்களுக்குச் சொரணையே கிடையாதா? தகவல் அறியும் சட்டம் இங்கேயும் வந்தால்தான் விடிவா? அவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?

வா., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

எழுந்து நின்று கேட்டீர்களே, அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களைச் சொரணை கெட்டவர்கள் என்று எழுதினீர்களே, அதை முதலில் திரும்பப் பெறுங்கள்.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்பார். தோட்டத்து எழுத்தர், கிராணி என்போம், பெயர் கூப்பிட்டு செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தின் சுவரில் ஒரு கரிக்கோடு இழுப்பார். ஒரு சம்பள நாளில் கோட்டுக்கும் காசுக்கும் ஒத்துவரவில்லை. கேட்டார். ‘புஸ்தகத்துல இல்ல’ என்றார் கிராணி, புத்தகத்தைத் தன் பக்கமே சாய்த்து வைத்துக்கொண்டு. பின்னால் நீள வரிசை. ஒருவரும் பேசவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும், பிள்ளைகளோடு எங்கே போவது? அந்த வரிசையில் நின்றவர்கள்தான் அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களையா சொரணை இல்லாதவர்கள் என்பீர்கள்?

அருணா ராயை நான் பிடித்துக்கொண்டதே கிராணியின் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான். சென்னையில் பிறந்தவர், 1968-ல் ஐ.ஏ.எஸ்., 1975-ல் விலகினார் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். மக்ஸேஸே விருதையும் சேர்த்துக்கொள்வார்கள். இருக்கட்டும். 1987-ல் ராஜஸ்தானின் தேவ்டூங்ரி கிராமத்தில் தோழர்கள் நிகில் டே, சங்கர் சிங் குடும்பத்தோடு ஒரு மண்வீட்டில் குடியேறினாரே, எனக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது. பஞ்ச நிவாரண வேலையில் மண் வெட்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. கேட்டால், ‘நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.’ பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம். என் அம்மா கேட்ட அதே பதில்.

1990 மே 1-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் மக்கள் விசாரணை என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். கையில் கிடைத்த பதிவேட்டு நகலைச் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி என்று வாசிக்க வாசிக்க, ‘அவர் செத்துப்போய் எத்தனை வருஷமாச்சு’, ‘நான் அந்த வேலைக்கே போகவில்லையே’ என்று கூட்டத்திலிருந்து குரல்கள் எழுந்தன. காலமெல்லாம் வாய் திறக்காதவர்கள் தம்பி, தம் பெயர் காதில் விழுந்ததும் பேசினார்கள். 1996-ல் பதிவேட்டு நகல் பெறும் உரிமை கேட்டுப் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005-ல் இந்தியா முழுமைக்கும் வந்தது. சட்டம் கடைசியில்தான் வந்தது, வாசிப்பு முதலில். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் தலைவர் காட்டிய ஆடிட் கணக்கில் ‘திருப்பணிச் செலவு’ என்று ஒரே ஒரு வரி இருந்திருக்கும். அந்த ஒரு வரியைக் கேட்டு யார் என்ன பேச முடியும்? எத்தனை மூட்டை சிமெண்டு, எந்தக் கடை, எந்தத் தேதி, யாருக்கு எத்தனை நாள் கூலி என்று ஒவ்வொன்றாகத் தமிழில் வாசிக்கச் சொல்லியிருந்தால், மணல் சுமந்தவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கும். நீங்கள் கோபத்தைக் கொண்டுபோனீர்கள். விவரத்தைக் கொண்டுபோகவில்லை.

சட்டம் கேட்டீர்கள். கூட்டரசு அளவில் நமக்கு இருப்பது 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம். ஆனால் பினாங்கிலும் சிலாங்கூரிலும் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. ஃபெரி ஏறினால் மாநில அரசு அலுவலகம் இருக்கும் கொம்தார். இதுவரை ஒரு மனுவாவது போட்டதுண்டா? கோவில் கணக்குக்கு அது உதவாது, பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் சங்கப் பதிவிலாகாவைப் பாருங்கள்.

ஏன் ஒருவர் தோன்றவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பொறுமை இல்லை. தகவல் உரிமைச் சட்டம் வந்த கதையைச் சொல்லும், 2018-ல் வந்த ‘தி ஆர்டிஐ ஸ்டோரி’ படியுங்கள். அதன் அட்டையிலேயே அவர் பெயரோடு சங்கத்தின் பெயரும் சேர்ந்துதான் இருக்கிறது.

படித்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்யுங்கள். திருப்பணியில் வேலை செய்தவர்களை வீடு தேடிப் போய்ப் பாருங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை வெள்ளி கையில் வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். பிறகு செயலாளருக்கு, செலவு விவரத்தை அடுத்த கூட்டத்தில் வரிவரியாக வாசிக்கவேண்டும் என்று கடிதம் கொடுங்கள். அவர்களில் நாலு பேராவது அதில் கையெழுத்துப் போடட்டும்.