குப்பை பிரிக்கச் செயலி: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் நண்பர்கள் சேர்ந்து, வீடுகளில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கும் பழக்கத்தைக் கொண்டுவர ஒரு செயலி செய்யப் போகிறோம். பாயிண்ட், ரேங்க், பரிசு எல்லாம் வைத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பரிசு வைத்தால் முதலில் ஜோராக ஓடும், அப்புறம் ஒரே வாளியைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து ஏற்றுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள். விருப்பம், எளிமை, நினைவூட்டல் மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் ஒரு செயல் நடக்கும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனித நடத்தையை ஆராயும் பி.ஜே. ஃபாக் 2009-இல் எழுதினார். ஊரில் விருப்பம் இல்லாமல் இல்லை. காலையில் வண்டி வந்து நிற்கும் அவசரத்தில்தான் அழுகிய தக்காளியும் பால் கவரும் ஒரே பையில் போகின்றன. அதனால் செயலிக்கு வேலை ஒன்றுதான்: முந்தின நாள் ராத்திரி பாத்திரம் ஒதுக்கும் நேரத்தில் 'நாளைக்கு வண்டி, ரெண்டு வாளி' என்று ஒரு வரி. ஆண்ட்ராய்டு 13 முதல் இப்படி அறிவிப்பு அனுப்பவும் போன் வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். திறந்தவுடன் கேட்காதீர்கள், வண்டி வரும் நாளை அவர்கள் குறித்த பிறகு கேளுங்கள்.

அந்த முன்பணக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பிளே ஸ்டோரில் யார் கணக்கில் ஏற்றுவார்? தன் கணக்கில் என்றால், நாளைக்கு ஒரு எழுத்தை மாற்றவும் அவர் வாசலில்தான் நிற்பீர்கள். கணக்குக் கட்டணம் 25 டாலர், ஒரே தடவை. அதையே வருடச் சந்தா என்று கறப்பவர்கள் உண்டு. கணக்கு உங்கள் பெயரில், சோர்ஸ் கோடு (செயலியை எழுதிய மூல நிரல்) உங்கள் கையில், இரண்டும் ஒப்பந்தத்தில்.

தனிநபர் கணக்கை இப்போது புதிதாகத் தொடங்கினால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். சங்கமாகப் பதிவு செய்து நிறுவனக் கணக்கு எடுத்தால் இந்தச் சோதனை இல்லை, ஆனால் டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குத் தரும் அடையாள எண்) கேட்பார்கள், அது இலவசமாகவே கிடைக்கும், காத்திருக்க வேண்டும். 'சோதிக்க ஆள் பிடித்துத் தருகிறேன்' என்று இதிலும் காசு பார்க்கிறார்கள். உங்கள் தெருவில் 12 பேர் கிடைக்க மாட்டார்களா? பதினைந்து பேரைச் சேருங்கள், இடையில் யாராவது விலகுவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் குப்பை வண்டிக்குள் எட்டிப் பாருங்கள், நடுவில் தடுப்பு இருக்கிறதா என்று. பிரித்துக் கொடுக்கச் சொல்லி 2016-லேயே விதி போட்டாயிற்று, பிரித்ததை ஒன்றாகக் கொட்டுவதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. அதைக் கண்ணால் பார்த்த வீட்டில் எந்தச் செயலியும் நிற்காது. தடுப்பு இல்லையென்றால் முதலில் மனு. இருந்தால் தெருவுக்கு ஒருவர் வாட்ஸாப்பில் ராத்திரி எட்டு மணிக்கு அந்த வரியை ஒரு மாதம் அனுப்பட்டும், வாளி இரண்டாகிறதா பார்த்துவிட்டு அப்புறம் செயலியைப் பேசலாம்.