வாசகர் கேள்வி–பதில்: பொனற்றில் புழுக்கோடு, கிளியரில் ஊசித்துளை

ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயின்ற் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகப் போட்டிருக்கிறோம். சாதாரண காரை விட இவற்றில் ஒரு சிக்கல் கூட. கதவு இரும்பாக இருக்கும், பொனற் அலுமினியமாக இருக்கும், பம்பர் பிளாஸ்ரிக், பிறகு பூட்டிய ஸ்பொய்லர் பைபர் கிளாஸ். மேலே நிறம் ஒன்றுதான், அடியில் வேலை நாலு விதம். பழுது எந்தப் படையில் என்று பிடிபடாமல் சாண்ட் பேப்பரைக் கையில் எடுப்பதால்தான் அரைவாசி வேலை திரும்பிவருகிறது.

முல்லைத்தீவு வாசகர்: என்னிடம் முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 இருக்கிறது. பொனற்றின் முன் விளிம்பில் பெயின்ற்றுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல மெல்லிய கோடுகள். கராச்சில் கறள் என்று சொல்லி, சுரண்டிப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து அடித்துத் தந்தார்கள். ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

அது கறள் இல்லை. 1989இல் வெளிவந்த அந்தக் காரின் பொனற் அலுமினியம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பொனற்றின் அடிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. மேல்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டி தடிப்பாக இருக்கும் இடத்திலும் ஒட்டாது, ஏமாந்துவிடுவீர்கள்.

நீங்கள் சொல்லும் புழுக்கோடு அலுமினிய அரிப்பின் ஒரு வகை. கல் தெறித்த பொட்டு அல்லது விளிம்பில் பெயின்ற் மெலிந்த இடம் வழியாகக் கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே இறங்குகின்றன. அரிப்பின் தலை பெயின்ற்றுக்கு அடியில் முன்னால் ஊர்ந்துகொண்டே போகும், பின்னால் வெள்ளைத் தூள் மிஞ்சும். கண்ணுக்குத் தெரிகிற கோட்டை மட்டும் சுரண்டினால் தலை தப்பிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

கோட்டின் கடைசி நுனியிலிருந்து இன்னும் 5 சென்ரிமீற்றர் தள்ளி வெறும் உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். 80 இலக்கச் சாண்ட் பேப்பர் தாளில் தொடங்கி 180, பிறகு 240 (இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மை). இரும்பைத் தேய்த்த டிஸ்க்கையோ இரும்புக் கம்பித் தூரிகையையோ இதில் வைக்கவே கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அந்தப் புள்ளியிலிருந்தே அடுத்த அரிப்பு தொடங்கும். குழிக்குள் வெள்ளைத் தூள் பொட்டளவும் மிஞ்சக் கூடாது. லாம்பைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மெழுகும் எண்ணெயும் போக்கும் திரவத்தால் துடைத்து, அரை மணித்தியாலத்துக்குள் எபொக்சி பிறைமர் (உலோகத்தில் பிடிக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோற், அதாவது இரண்டு பூச்சு, அடியுங்கள். தேய்த்த அலுமினியத்தில் ஒக்சைட் படை உடனே கட்டத் தொடங்கும். தேய்த்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வேலை இது இல்லை.

பட்டி வேண்டுமென்றால் எபொக்சி காய்ந்தபின் 180ஆல் தேய்த்து அதன்மேல் வையுங்கள். அமிலம் கலந்த எச் பிறைமர் அடித்த இடத்தில் நேரடியாகப் பட்டி வைத்தால் பிடிக்காது, உரியும். இரும்புக் கதவுக்குப் பழகியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

வவுனியா வாசகர்: கறுப்புக் காருக்குக் கிளியர் (நிறத்துக்கு மேலே வரும் நிறமற்ற மினுக்குப் படை) அடித்தோம். அடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. விரைவாகக் காயட்டும் என்று வெயிலில் விட்டோம். அடுத்த நாள் பார்த்தால் பொனற் முழுக்க ஊசி குத்தியது போலத் துளைகள். பொலிஷ் பண்ணினால் போகுமா?

போகாது. பொலிஷ் பண்ணினால் வெள்ளைக் கொம்பவுண்ட் (மினுக்கும் பசை) ஒவ்வொரு துளைக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும், கறுப்புப் பொனற்றில் உப்புத் தூவியது போலத் தெரியும்.

பெயின்ற் அடியிலிருந்து மேலாகக் காய வேண்டும். வெயில் முதலில் மேல் தோலை இறுக்கிவிட்டது. உள்ளே நின்ற தின்னர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகித் தோலைக் குத்திக்கொண்டு வந்திருக்கிறது. தடித்த கோற், இரண்டு கோற்றுக்கு இடையில் போதிய நேரம் விடாதது, சூட்டுக்குப் பொருந்தாத வேகமான தின்னரும் ஹார்ட்னரும் (கலந்ததும் இறுகவைப்பது), பிறகு வெயில். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும். சித்திரை வெயிலில் கறுப்புப் பொனற் 60 பாகை செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும்.

கிளியர் நன்றாகக் காயட்டும், ஒரு கிழமை விட்டாலும் நட்டமில்லை. பிறகு கட்டை வைத்து 600 இலக்கத் தாளால் துளை முற்றாக மறையும்வரை தேயுங்கள். தேய்க்க முன் கறுப்பு வழிகாட்டித் தூளைப் பூசிவிடுங்கள்; துளை மிஞ்சிய இடத்தில் தூள் புள்ளியாக நிற்கும். கறுப்புக் காரில் கறுப்புத் தூள் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தேய்த்த கிளியர் வெண்சாம்பலாக மாறியிருக்கும், அதில் நன்றாகவே தெரியும். துளை பேஸ் கோற்வரை (கிளியருக்கு அடியிலுள்ள நிறப்படை) இறங்கியிருந்தால் பேஸையும் திரும்ப அடிக்க வேண்டும். துளை இருக்க மேலே கிளியர் ஊற்றி மூடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று அடுத்த வெயிலில் அதே இடத்தில் வெளியே வரும்.

அடுத்த முறை 30 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக்கான மெதுவான தின்னரும் மெதுவான ஹார்ட்னரும் கேட்டு வாங்குங்கள். ஸ்பிறே கன்னுக்கு 1.3 மில்லிமீற்றர் நொசில், கன்னுக்கும் பனலுக்கும் இடையில் 15 முதல் 20 சென்ரிமீற்றர். முதல் கோற்றுக்குப் பிறகு மறைத்து ஒட்டிய ரேப்பில் படிந்த கிளியரை விரலால் தொட்டுப் பாருங்கள். நூலாக இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒட்டும், ஆனால் இழுபடாது என்றால் அடுத்த கோற். பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். கிளியர் இரண்டு கோற் போதும். காரைக் கொட்டிலுக்குள்ளேயே விடுங்கள்.

மாங்குளம் வாசகர்: கோடையில் அடித்த பெயின்ற் நல்லாகத்தான் இருந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு கதவில் சின்னச் சின்னக் கொப்புளம். வெயில் வந்தால் அமுங்கிவிடுகிறது, மழை வந்தால் திரும்ப எழும்புகிறது.

அமுங்கி எழும்புகிறது என்று எழுதினீர்களே, விடை அதற்குள்ளேயே இருக்கிறது: உள்ளே தண்ணீர். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள், ஈரம் கசியும்.

கேட்க வேண்டிய கேள்வி, பனலை எந்தத் தண்ணீரால் கழுவித் தேய்த்தார்கள் என்பது. வன்னியில் பல குழாய்க்கிணறுகளின் தண்ணீர் கடினமானது, கேத்திலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு தேய்த்த கீறலுக்குள் காய்ந்து கிடக்க, மேலே பெயின்ற் அடித்தால் அது மழைக்காலத்தில் பெயின்ற் படையூடாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்த சந்தேகம் பட்டி. பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. தூசி பறக்காது என்பதற்காகச் செய்கிறார்கள். பட்டி பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பட்டியை எப்போதும் காய்ந்தபடியே தேய்க்க வேண்டும், 80, 120, 180 என்று.

கொப்புளம் வந்த படைக்கு மேலே திருத்த வழியில்லை. ஒரு துண்டை உரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பட்டி ஒட்டிக்கொண்டு வந்தால் பட்டிவரை, வெறும் இரும்பு தெரிந்தால் இரும்புவரை எடுக்க வேண்டும். இரும்பில் கறள் பொட்டு இருந்தால் அதையும் தேய்த்து எபொக்சி பிறைமர். பட்டி 100 கிராமுக்கு ஹார்ட்னர் 2 கிராம். விரைவில் இறுகட்டும் என்று கூட்டிப் போட்டால் மிஞ்சிய ஹார்ட்னர் பிறகு வெள்ளைப் பெயின்ற்றில் மஞ்சள் கறையாக மேலே வரும். பிறைமரை ஈரமாகத் தேய்ப்பதென்றால் கடைசிக் கழுவலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடித்தது) பாவியுங்கள், ஒரு கதவுக்கு 5 லீற்றர் தாராளம். கொம்பிறெசர் தாங்கியின் அடியிலுள்ள ரப்பைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். மாரியில் அதிலிருந்து வரும் தண்ணீரைக் கண்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

புதுக்குடியிருப்பு வாசகர்: கொழும்பிலிருந்து எடுத்த பைபர் கிளாஸ் முன் பம்பரில் பெயின்ற் அடிக்கும்போதே வட்ட வட்டமாக விலகுகிறது. வேறு இடங்களில் ஊசித்துளை.

இரண்டும் வேறு வேறு பழுது. வட்டமாக விலகுவது மேற்பரப்பில் மெழுகு அல்லது சிலிக்கன் இருப்பதால். அச்சிலிருந்து பம்பரைக் கழற்றப் பூசிய மெழுகு அதில் இன்னும் இருக்கிறது. அதைப் போக்காமல் தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் போய்விடும். ஆகவே ஒழுங்கு மாறக் கூடாது: முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவல், பிறகு மெழுகு போக்கும் திரவம் (ஒரு துணியால் பூசி, ஈரம் காயமுன் வேறு துணியால் துடைக்க வேண்டும்), அதற்குப் பிறகுதான் 180, 320 தாள். பக்கத்தில் யாரும் ரயருக்கு மினுக்கும் ஸ்பிறே அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் சிலிக்கன் உண்டு.

ஊசித்துளை, பைபரை வார்த்தபோது உள்ளே அகப்பட்ட காற்றுக்குமிழி. பிறைமர் அதை நிரப்பாது, மேலே பாலம் போட்டது போல மூடும். வெயிலில் காற்று விரிந்ததும் உடையும். புதுப் பம்பரைச் சில நாள் வெயிலில் வைத்து இறுகவிட்டு, தேய்த்துத் துளைகளைத் திறந்து, மென்பட்டியை ரப்பர் தகட்டால் அழுத்தி இழுத்து அடையுங்கள். பழைய பெயின்ற்றை எடுக்கப் பெயின்ற் ரிமூவர் பூசாதீர்கள், ரெசினையும் சேர்த்துத் தின்னும். நட்சத்திர வெடிப்பு இருந்தால் வெறும் பட்டி நிற்காது. பின்பக்கம் 300 கிராம் பைபர் பாய் இரண்டு படை ரெசினில் ஒட்டி, முன்பக்கம் வெடிப்பை வி வடிவில் திறந்து நிரப்ப வேண்டும்.

கிளிநொச்சி வாசகர்: கதவில் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. தேய்த்து மினுக்கலாமா, எவ்வளவு தேய்க்கலாம்?

தேய்க்கலாம். பழுது கிளியரின் மேல்பரப்பில் மட்டும்தான். கம்பனிக் கிளியர் சாதாரணமாக 40 முதல் 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் 10 மைக்ரோனுக்கு மேல் எடுக்காதீர்கள், மெலிந்த கிளியர் வெயிலுக்கு நீண்ட காலம் நிற்காது. 1500, 2000, 3000 தாள்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறப்போட்டு, கட்டை வைத்துத் தேய்த்து, பிறகு கொம்பவுண்ட். ஸ்போர்ட்ஸ் கார்க் கதவில் கூரான மடிப்புக் கோடுகள் ஓடும். அந்த முனைகளில் கிளியர் மிக மெல்லியது, இரண்டு கடவையில் பேஸ் தெரிந்துவிடும். முனைகளுக்கு ரேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். கிறவல் வீதிப் பக்கம் கராச் என்றால் நிலத்தை நனைத்து, தாளை அடிக்கடி வாளியில் அலசுங்கள். ஒரு மணல் அகப்பட்டால் 1500 தாள் 80 தாளாகிவிடும்.

ஒட்டுசுட்டான் வாசகர்: டூ கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) அடிக்க மூக்கில் லேஞ்சி கட்டினால் போதாதா?

போதாது. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. லேஞ்சியோ சத்திரசிகிச்சை மாஸ்க்கோ அதை மறிக்காது. மணத்தை நம்பியும் தப்ப முடியாது; மணம் தெரிய முன்பே அளவு மிஞ்சியிருக்கலாம். தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தபின் மிகச் சிறிய அளவும் மூச்சை இறுக்கும். வெளிக்காற்று ஊட்டும் முகமூடிதான் சரியானது. அது இல்லாதவர் டூ கே அடிப்பதை வசதியுள்ள இடத்துக்குக் கொடுப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர் கொட்டிலுக்குள் நிற்கவே வேண்டாம். கையுறை நைத்திரைல், கண்ணுக்கும் மறைப்பு.

ஓமந்தை வாசகர்: கூரையில் கிளியர் வெள்ளையாகி உரிகிறது. உரிந்த இடத்துக்கு மட்டும் கிளியர் அடிக்கலாமா?

முடியாது. உரியாமல் நிற்கிற ஓரமும் பிடியை விட்டுத்தான் நிற்கிறது. புதுக் கிளியரின் தின்னர் பட்டதும் அது சுருளும். கூரை முழுவதையும் பிடி உறுதியான படைவரை தேய்த்து, பிறைமர், பேஸ், கிளியர் மூன்றும் அடிக்க வேண்டும். நகத்தால் கிளப்பிப் பார்த்து எழும்பாத இடத்தில் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். 320 தாள் போட்டுத் தேய்க்கும்போது ஓரம் மெலிந்து மறையாமல் செதிலாகப் பிய்ந்தால் இன்னும் போக வேண்டும்.