மாங்கூழ் ஆலைக்கு எந்த டேட்டாபேஸ் லைசென்ஸ்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். அலுவலகத்தில் 14 பேர். சீசனில் எடைமேடை, கேட், லேப், உற்பத்தி, கிடங்கு என 9 கம்ப்யூட்டர்கள் மூன்று ஷிஃப்ட்டும் ஓடும். புது ஈ.ஆர்.பி.க்கு (ஆலையின் எல்லாக் கணக்கையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்.க்யூ.எல். சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் தேவை. எங்கள் சர்வரில் 16 கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்) இருப்பதால் 16 கோருக்கும் கொட்டேஷன் வந்திருக்கிறது. அடுத்த வருஷம் விவசாயிகள் எடையையும் பணம் ஏறியதையும் மொபைலில் பார்க்க ஒரு ஆப் தரலாம் என்கிறார் முதலாளி. எதை வாங்குவது?

பதில்: கொட்டேஷனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, டேட்டாபேஸை யார் தொடுகிறார்கள், எந்தக் கம்ப்யூட்டர் தொடுகிறது என்று எழுதுங்கள். மார்ச் மாத நிலவரத்தை எழுதாதீர்கள். பெங்களூரா மாங்காய் லோடு வரிசையில் நிற்கும் ஜூன் மாதத்தை நினைத்து எழுதுங்கள்.

ஸ்டாண்டர்டை இரண்டு விதமாக வாங்கலாம். ஒன்று, சர்வருக்கு ஒரு லைசென்ஸ், பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு சி.ஏ.எல். (சர்வரைத் தொடுவதற்கான அனுமதி லைசென்ஸ்). 2022 பதிப்பின் பட்டியல் விலையில் சர்வர் 989 டாலர், ஒரு சி.ஏ.எல். 230 டாலர். இதில் சர்வரில் எத்தனை கோர் என்பது கணக்கில் வராது. இன்னொன்று கோர் லைசென்ஸ். இரண்டு கோர் 3,945 டாலர். குறைந்தது 4 கோர் வாங்கியே ஆக வேண்டும், அதாவது 7,890. எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 30 சி.ஏ.எல். வாங்கினால் 7,889 டாலர் ஆகிறது, பாருங்கள். 4 கோர் சர்வர் என்றால் 30தான் எல்லைக்கோடு.

சி.ஏ.எல்.லை ஆளுக்கும் வாங்கலாம், கம்ப்யூட்டருக்கும் வாங்கலாம். எடைமேடை அறையில் காலையில் ஒருவர், மதியம் ஒருவர், ராத்திரி ஒருவர் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆள் கணக்கில் போனால் அலுவலகத்தில் 14, ஷிஃப்ட்டில் 9 × 3 = 27, ஆக 14 + 27 = 41; மொத்தம் 10,419 டாலர். அந்த 9 கம்ப்யூட்டருக்கும் டிவைஸ் சி.ஏ.எல்., அலுவலக 14 பேருக்கு யூசர் சி.ஏ.எல். என்று பிரித்தால் 23, மொத்தம் 6,279. உங்களுக்கு வந்த 16 கோர் கணக்கோ 31,560 டாலர்! விற்பவர் தரும் விலை கொஞ்சம் மாறலாம், விகிதம் இதுதான்.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கேட்டுக்கு ஒரே லாகின் வைத்து, நாலு கம்ப்யூட்டரில் திறந்திருந்தார்கள். லாகின் ஒன்று, அதனால் லைசென்ஸும் ஒன்று என்று நம்பிவிட்டார்கள். லைசென்ஸ் ஆடிட் வந்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. லாகினை யாரும் எண்ணுவதில்லை. ஆளை எண்ணுவார்கள், இல்லை கருவியை எண்ணுவார்கள். நடுவில் எந்த மென்பொருளை வைத்தாலும் அந்த எண்ணிக்கை குறையாது.

சரி, விவசாயிகள் ஆப். முடிவை மாற்றுவது இதுதான். ஆப் வழியாகப் பார்க்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் சி.ஏ.எல். வேண்டும். நூறு பேருக்கே 23,000 டாலர் ஆகிவிடும். ஆப் வருவது உறுதி என்றால் கோர் லைசென்ஸ்தான் வழி. ஆனால் 16 கோருக்கு வேண்டாம். 4 கோர் உள்ள தனி சர்வர் ஒன்று வாங்கி அதில் டேட்டாபேஸை மட்டும் ஓட்டுங்கள். உங்கள் அளவுக்குப் போதும். இருக்கிற சர்வரிலேயே 4 கோர் வெர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளால் பிரித்த தனி சர்வர்) போடலாமே என்று தோன்றும். 2022 பதிப்பில் அதற்கு மைக்ரோசாஃப்டின் கட்டணப் பராமரிப்புத் திட்டமான சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ சந்தா லைசென்ஸோ வேண்டும், அந்தச் செலவு தொடர்ந்து வரும். இல்லாவிட்டால் சர்வரின் 16 கோருக்கும் கட்ட வேண்டும்.

ஆப் வெறும் பேச்சுதான் என்றால் 6,279 போதும். முதலாளியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். சி.ஏ.எல்.லுக்குப் போட்ட பணத்தைப் பிறகு கோர் விலையில் கழித்துத் தரமாட்டார்கள்.

எஸ்.க்யூ.எல். சர்வர் 2022-இன் இலவச வடிவமான எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.க்கு மேல் வளராது, அதை நம்பி இறங்க வேண்டாம். அப்புறம், ஈ.ஆர்.பி. கம்பெனியிடம் ஒன்று கேளுங்கள்: போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் ஓடுமா? ஓடும், அதற்கும் சப்போர்ட் தருவோம் என்று எழுத்தில் தந்தால் லைசென்ஸ் செலவே இல்லை. பேக்கப் பார்க்கத் தெரிந்த ஒருவர் மட்டும் வேண்டும். பிப்ரவரிக்குள் பதில் வாங்குங்கள். மே மாதம் எடைமேடையில் லாரி ஏறிய பிறகு டேட்டாபேஸை மாற்ற முடியாது.