ஓலையில் கிருஷ்ணர் எங்கே?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு பூரி போயிருந்தோம். அங்கே பனையோலையில் கீறிய தசாவதாரப் படம் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் கிருஷ்ணரைக் காணோம். பலராமருக்கும் கல்கிக்கும் நடுவில் உருண்டைக் கண்ணோடு, விரல்கூட இல்லாமல் ஓர் உருவம். ஓவியர் அவசரத்தில் அரைகுறையாக விட்டுவிட்டாரா? அப்புறம், இது கையால் கீறியதா அச்சடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த உருண்டைக் கண்காரர் ஜகந்நாதர். பூரி வரைக்கும் போய்விட்டு வந்து அவரையே யாரென்று கேட்கிறீர்களே, கூட்டத்தில் தரிசனம் சரியாகக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கோயிலில் இருப்பவரும் மரத்தில் செய்தவர்தான், அவருக்கும் விரல் கிடையாது.

கிருஷ்ணர் விஷயத்துக்கு வருகிறேன். ஒடிசாவில் ஓடுவது, கிருஷ்ணரைப் பற்றி ஜெயதேவர் பாடிய சமஸ்கிருதக் காவியமான கீதகோவிந்தத்தின் கணக்கு. அதில் எட்டாவது பலராமர், ஒன்பதாவது புத்தர், பத்தாவது கல்கி. கிருஷ்ணர் பட்டியலிலேயே இல்லை, ஏனென்றால் பத்து வடிவமும் எடுத்தவரே அவர்தான் என்று சொல்லித்தான் ஜெயதேவர் வணங்குகிறார். பூரி கோயிலில் கீதகோவிந்தம் தவிர வேறு பாட்டு பாடக்கூடாது என்று 1499ல் ஒடிசா மன்னர் பிரதாபருத்ரர் கல்வெட்டே வெட்டிவைத்தார், அப்படிப்பட்ட ஊரில் வேறு கணக்கு எடுபடுமா? அந்தப் புத்தரின் இடத்தில்தான் ஒடிசா ஓவியர்கள் பல சமயம் ஜகந்நாதரை உட்காரவைக்கிறார்கள். நாம் பலராமர், கிருஷ்ணர், கல்கி என்று எண்ணிப் பழகியவர்கள், அதனால் நமக்கு ஓர் ஆள் குறைகிறது.

கையால் கீறியதா என்று பார்க்க, ஓலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு கோட்டின் குறுக்கே நகத்தை லேசாக இழுங்கள். கீறலென்றால் தட்டும், அச்சென்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பூரிக்குப் பக்கத்தில், பார்கவி ஆற்றோரம் ரகுராஜ்பூர் என்று ஒரு சித்ரகாரர் கிராமம் இருக்கிறது. ஒடிசி நடனக் கலைஞர் கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். அங்கே ஓர் ஓவியரின் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். எழுத்தாணி போகும்போது கோடு கறுப்பாகத் தெரியாது, ஓலை நிறத்திலேயே மங்கலாக ஒரு தடம், அவ்வளவுதான். ராமர் மூக்கு சரியாக வந்ததா என்பது கிட்டத்தட்ட கைக்குத்தான் தெரியும். முழுவதும் கீறி முடித்த பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைக்கிறார்கள், மேலே இருப்பது துணியோடு வந்துவிட, பள்ளத்தில் இறங்கியது தங்கிவிடுகிறது. நம் ஏடுகளுக்கு மை தடவியதும் இதே வேலைதான். தப்பாகப் போன கோட்டை அழிக்க வழியில்லை, கரி பூசினால் அதுவும் சேர்ந்து கறுக்கும். ஆசைப்பட்டு நானும் ஒரு துண்டு ஓலையில் நேர்கோடு ஒன்று இழுத்தேன், நரம்போடு பிளந்துகொண்டது. ஓவியர் சிரித்துவிட்டு வேறு ஓலை எடுத்துக்கொண்டார்.

ஓலை அகலம் போதாது என்பதால் பல துண்டுகளை நூலால் கோத்திருப்பார்கள், உங்களுடையதும் விசிறி மாதிரி மடியும் என்று நினைக்கிறேன். ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். அப்புறம், படத்தில் எங்காவது வட்டமாக வெட்டிய சின்ன மடல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நகத்தால் மெல்லத் தூக்குங்கள், அடியில் இன்னொரு படம் இருக்கும். உங்கள் கிருஷ்ணர் அங்கே இருந்தாலும் இருப்பார்.