வலிக்காத காலை முதலில் பாருங்கள்: மூத்தோர் பாத நலம் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தைப்பூசம் நெருங்கும்போது பினாங்கு வாசகர்களிடமிருந்து பாதங்களைப் பற்றிய கேள்விகள் கூடுதலாக வருவது வழக்கம். எழுதுபவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள், அல்லது அந்த வயதிலுள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆகவே கீழே வரும் பதில்களில் நீரிழிவு அடிக்கடி தலைகாட்டுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வயது 67. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறுவதாக வேண்டுதல். காலில் வலியோ புண்ணோ எதுவும் இல்லை. வெறுங்காலில் நடக்கலாமா? – ஜெலுத்தோங் வாசகி

அம்மா, காலில் வலி இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் என்னை யோசிக்க வைக்கிறது. பல ஆண்டுகள் நீரிழிவோடு இருப்பவர்களுக்குப் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. அப்படி இழந்தவருக்கும் கால் நன்றாக இருப்பதாகவே தோன்றும், ஏனென்றால் வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே அங்கே வேலை செய்வதில்லை.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்க முடியும். காலை நீட்டிப் படுத்துக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தம் ஆள்காட்டி விரலின் நுனியால் உங்கள் கால் விரல்களின் நுனியை, ஒன்றிரண்டு நொடிகள் மட்டும், மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூச்சம் காட்டவோ கூடாது. இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என ஆறு இடங்களைத் தொட்டால் போதும். தொடுவதை உணரும்போதெல்லாம் எந்தக் கால் என்று நீங்கள் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சுகாதாரக் கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைக் கொண்டு இதையே இன்னும் துல்லியமாகப் பார்ப்பார்கள். வீட்டுச் சோதனையில் எல்லாம் தெரிந்தாலும், பதினைந்து ஆண்டு நீரிழிவுக்குப் பிறகு மலையேறுவதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டிவிடுவதே முறை.

உணர்வு குறைந்திருந்தால், வெறுங்காலில் செல்ல வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பினாங்கில் தேர் வரும் வழியெங்கும் தேங்காய்கள் மலைபோல் உடைக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். எவ்வளவு கூட்டிப் பெருக்கினாலும், ஓட்டுச் சில்லு ஒன்று தாரில் கிடக்கத்தான் செய்யும். அது உள்ளங்காலில் ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது. அதன்மேலேயே 513 படிகளையும் ஏறி இறங்கிவிடுவீர்கள். வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலையின் சூடும் அப்படித்தான். கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகே கண்ணில் படும். நீரிழிவுக்காரர்கள் காலை இழக்க நேரும் கதைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சிறிய புண்ணில்தான் தொடங்குகின்றன.

வேண்டுதலைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. சாலையில் காலணியோடு நடந்து, படியடிவாரத்தில் கழற்றித் தடித்த பருத்திக் காலுறையோடு ஏறலாம். ஆனால் பால் சிந்திய படியில் காலுறை வழுக்கும் என்பதால், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்ள ஒரு கை ஓய்வாக இருக்க வேண்டும், குடத்தை உடன்வருபவர் தாங்க வேண்டும். கூட்டமும் சூடும் குறைந்த விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். திரும்பியதும் இரண்டு உள்ளங்கால்களையும் கண்ணாடி வைத்தோ மகளிடம் காட்டியோ பாருங்கள். காயம் இருந்தால் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணிக்கட்டுப் போட்டு, மறுநாளே கிளினிக்குக்குச் செல்லுங்கள். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதையும் அப்ப வேண்டாம். அவை புண்ணை மூடிவிடுவதால், சிவப்பு பரவுகிறதா என்று மருத்துவரால் பார்க்க முடியாமல் போகிறது. சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் கண்டால், மறுநாள்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

அப்பாவுக்கு வயது 79. பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஆட்டுக்கொம்புபோல் வளைந்துவிட்டது. வீட்டு நகவெட்டி வாய்க்குள்ளேயே அது நுழைவதில்லை. என்ன செய்வது? – ஆயர் ஈத்தாம் வாசகர்

வயதாகும்போது நகம் வளரும் வேகம் குறைந்து, அடுக்கடுக்காகத் தடிக்கிறது. பழைய அடியோ பூஞ்சையோ சேர்ந்தால் இப்படி வளைந்தும் போகும். குனிந்து தம் காலைத் தொட முடியாத முதியவர்களிடம் இதை அதிகம் காணலாம். அவர்கள் வெளியில் சொல்லக் கூசுவதால், காலுறை கிழிந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அப்பாவைக் கடிந்துகொள்ளாமல் கேட்டறிந்த உங்களைப் பாராட்டுகிறேன்.

அவருக்கு நீரிழிவும் இரத்த ஓட்டக் குறைவும் இல்லையென்றால், குளித்து நகம் ஊறிய பிறகு, பிடி நீண்ட தடித்த நகவெட்டியால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக நேர்க்கோட்டில் வெட்டி, மூலைகளை அரத்தால் மழுக்குங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை; நாலைந்து முறையாகச் செய்தால் அவருக்கும் நோகாது. மூலையைத் தோண்டுவதுதான் நகச்சுற்றுக்கு வழி. நீரிழிவோ, இரத்தத்தை இளக்கும் மருந்தோ இருந்தால், நீங்கள் கை வைக்க வேண்டாம். சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, கால் பராமரிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பூஞ்சைக்கான மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. சில வகைகள் கொழுப்பு மருந்தோடு ஒத்துப்போவதில்லை. நகத் துணுக்கைப் பரிசோதித்துப் பூஞ்சைதான் என்று உறுதியான பிறகே மருத்துவர் சொல்படி தொடங்க வேண்டும். பெருவிரல் நகம் முழுதும் புதிதாக வளர ஓராண்டு, சில வேளைகளில் ஒன்றரை ஆண்டுகூட ஆகும் என்பதால் பொறுமை தேவை.

பூங்காவில் உள்ள கூழாங்கல் பாதையில் நடப்பது நீரிழிவுக்கு நல்லதா? இரவில் வெந்நீரில் கால் வைப்பதும் உண்டு. – கெப்போங் வாசகர்

பாதத்தில் உணர்வு முழுமையாக உள்ளவர் கூழாங்கல்லில் நடப்பதில் பெரிய தீங்கில்லை. உணர்வு குறைந்தவருக்கு இரண்டுமே ஆகாது. உணர்வு உள்ளவரும் வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். அதுவும் வெதுவெதுப்பாக, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். சர்க்கரை குறைய வேண்டுமானால் நல்ல காலணியோடு சமதரையில் நடப்பதே போதும்.

மாலையில் இரண்டு கால்களும் வீங்குகின்றன. மெட்டி விரலில் இறுகிவிட்டது. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். – செந்தூல் வாசகி

முதலில் மெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் வீக்கம் வடிந்திருக்கும்போது சவர்க்கார நுரை தடவி, மெல்லச் சுழற்றிக் கழற்றுங்கள். வராவிட்டால் இழுக்காமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள், அங்கே வெட்டி எடுப்பார்கள். நாற்பது ஆண்டுகள் அணிந்ததை வெட்டுவதா என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விரல் நீலம் பாய்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மெட்டியைப் பிறகு சரிசெய்து, வீக்கம் வடிந்ததும் தளர்வாக அணிந்துகொள்ளலாம்.

வீக்கத்துக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்கலாம். அம்லோடிபின் என்னும் மருந்து பலருக்கும் கணுக்காலை வீங்கச் செய்கிறது. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் சென்றால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.

கால் ஆணிக்கு மருந்தகத்தில் ஒட்டுப் பட்டை வாங்கலாமா? அம்மாவுக்கு 72 வயது, ஜப்பான் சிலிப்பர்தான் (விரலிடை வார் உள்ள ரப்பர் செருப்பு) எப்போதும் போடுவார். – பாயான் லெப்பாஸ் வாசகி

அந்தப் பட்டையில் தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. மெலிந்த தோலுள்ள முதியவருக்குப் புண் வைத்துவிடும், நீரிழிவு இருந்தால் தொடவே கூடாது. பிளேடால் சீவுவதும் அப்படியே.

ஆணி என்பது ஓரிடத்தில் தொடர்ந்து விழும் அழுத்தத்துக்குத் தோல் தரும் பதில். சிலிப்பர் நழுவாமலிருக்க அம்மா விரல்களை மடக்கிப் பிடித்தே நடந்திருப்பார். குதிகாலுக்கும் பிடிப்பில்லை, ஈரக் குளியலறையில் வழுக்கவும் செய்யும். வீட்டுக்குள்ளும் பின்பட்டை உள்ள, முன்பக்கம் அகன்ற காலணி அவருக்குத் தேவை. கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்கச் செல்லுங்கள். கிளம்புமுன், அவரை நிற்கவைத்து இரு பாதங்களையும் தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளைக் காலணிக்குள் வைத்துப் பார்த்தால், ஓரம் மடங்குகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மடங்கினால் அது எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் சிவந்த தடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்; இருந்தால், அடி அழுக்காகுமுன் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.