வாசகர் கேள்வி – பதில்: ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் சிலோன் காகிதங்கள்

டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த குடியுரிமைக் கேள்விகளில் ஏழு இந்த இதழில். எல்லாமே ஏதோ ஒரு வகையில் இலங்கையைத் தொடுபவை.

கேள்வி: பாபநாசம் பக்கத்திலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணியோடு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் தம்பி அங்கேயே பிறந்தவர், அங்கேயே வேலை செய்தவர். அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை ஏன் கிடைக்கவில்லை? பிறந்தால் போதாதா? — வாசகர், கும்பகோணம்

போதவில்லை. இலங்கைக்கு 1948 பிப்ரவரியில் சுதந்திரம். அந்த ஆண்டே வந்த 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அது மண்ணில் பிறந்ததைப் பார்க்கவில்லை, தகப்பன் வழியைப் பார்த்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகன் என்று சொல்ல, அவருடைய அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். முறைப்படி மணந்தவர்களின் பிள்ளைக்கு அம்மா வழி எடுபடாது.

கண்டிச் சிங்களவருக்கும் யாழ்ப்பாணத் தமிழருக்கும் இதையெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. கேள்வி வந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்குத்தான். உங்கள் சின்னத் தாத்தா அங்கே பிறந்திருந்தாலும், அவருடைய அப்பா பாபநாசத்தில் பிறந்தவர் என்றால் வாசல் அங்கேயே அடைபட்டது. அப்பாவும் அங்கே பிறந்தவர்தான் என்றாலும், அதைக் காட்டப் பிறப்புப் பதிவு வேண்டுமே. லயத்தில் பிறந்த பலருக்குப் பதிவே கிடையாது.

இரண்டாவது வாசல் 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளலாம். மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். பல குடும்பங்கள் தடுக்கியது ‘தொடர்ந்து’ என்ற சொல்லில். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் சின்னப் பிள்ளைகளும் தீவிலேயே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அறுவடை, கோயில் திருவிழா, சாவு என்று ஊருக்கு வந்தவர்கள் கையில் காசு சேரும்வரை தங்குவதும் சாதாரணம். அந்த வழக்கமே விண்ணப்பத்துக்கு எதிரான சாட்சியாக நின்றது. தோட்டத்துச் செக்ரோலில் (வேலைக்கு வந்தவர் பதிவேட்டில்) பெயர் விடுபட்ட மாதங்களுக்குக் கணக்குக் கேட்டார்கள்.

சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடங்கினார்கள். குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி இவர்களின் வாக்குரிமையை ஏன் எடுத்தார்கள் என்பது விளங்கும். எச்சரிக்கையாக எழுதுபவர்கள்கூட இதைத் தற்செயல் என்று சொல்வதில்லை.

கேள்வி: அப்பா 1971இல் கண்டியில் இந்தியக் குடியுரிமைப் பதிவு பெற்றார். நான் 1968இல் ஹட்டனில் பிறந்தவன். என் பெயர் சான்றிதழில் இருக்கிறது. தம்பி 1974இல் பிறந்தான். அவன் பெயர் இல்லை. 1976இல் மண்டபம் முகாம் வழியாக வந்தோம். தம்பிக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா? — வாசகர், நீடாமங்கலம்

கிடைக்க வேண்டும். தம்பியின் பெயர் அதில் இல்லாதது குறையும் அல்ல.

உங்கள் அப்பா 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்த ‘தாயகம் திரும்பியோர்’. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கில் இருந்தவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு தேதி: அப்பாவின் பெயர் பதிவான தேதி. விண்ணப்பித்த தேதியும் அல்ல, பாஸ்போர்ட் அடித்த தேதியும் அல்ல. அதற்கு முன் பிறந்த பிள்ளை, மைனர் என்ற முறையில் பெயர் சேர்க்கப்பட்டுக் குடிமகனாகியிருக்க வேண்டும், நீங்கள் அப்படி. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை, இந்தியக் குடிமகனுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை. 1955 இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் அப்பா இந்தியக் குடிமகனாக இருந்தால் வம்சாவழியில் குடியுரிமை உண்டு. (அந்த அப்பாவே வம்சாவழியில் குடிமகனானவர் என்றால் தூதரகப் பதிவு வேண்டும், உங்கள் அப்பா பதிவு வழியில் வந்தவர் என்பதால் அந்தக் கேள்வி இங்கே எழாது.) விண்ணப்பத்துக்கும் பதிவுக்கும் இடையில் பிறந்து, பெயரும் சேர்க்காமல் விட்ட பிள்ளைதான் உண்மையான சிக்கல். அவருக்குத் தனிப் பதிவு தேவைப்படும்.

தம்பி கொண்டுபோக வேண்டியவை: அப்பாவின் பதிவுச் சான்றிதழ், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, தம்பியின் இலங்கைப் பிறப்புச் சான்று. வழக்கமாக இடறுவது பெயர். சான்றிதழில் ‘பெருமாள் மகன் ராமையா’, பிறப்புச் சான்றில் ‘ராமய்யா’, ரேஷன் கார்டில் ‘பி. ராமையன்’ என்று மூன்று ஆள் போல நிற்கும். மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் சான்றோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள். போலீஸ் விசாரணை வந்தபின் தேடினால் மாதக் கணக்காகும். 1972 மே 22க்கு முந்தைய ஆங்கிலக் காகிதங்களில் ‘சிலோன்’ என்றுதான் இருக்கும். அது பிழை அல்ல, திருத்தப் போகாதீர்கள். பழைய சான்றிதழை லேமினேட் செய்யவும் வேண்டாம். முத்திரையின் மையும் புடைப்பும் தெரியாமல் போனால் அசல்தானா என்ற சந்தேகம் வரும்.

கேள்வி: எனக்குத் தெரிந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் இருக்கிறது. மகள் 1986இல், மகன் 1990இல், இருவரும் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். ஒரே வீட்டில் ஒருவர் இந்தியர், ஒருவர் அந்நியரா? — வாசகி, திருச்சி

சட்டப்படி அப்படித்தான் வரும்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். (தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு.) 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி (உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் அல்லது காலம் தாண்டித் தங்கியவர்) அல்லாதவர் என்று இருக்க வேண்டும்.

மகள் முதல் வரிசை. முகாமில் பதிவாகி உதவித்தொகை வாங்கியதால் பிறப்பால் வந்த குடியுரிமை போய்விடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, பெற்றோர் இலங்கையர் என்று பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. உங்களுக்குத் தெரிந்த மகள் செய்ய வேண்டியது பிறப்புச் சான்றை உறுதிப்படுத்துவது. ஆஸ்பத்திரியில் பிறந்தும் பதிவாகாமல் விட்டிருந்தால், ஓராண்டு தாண்டிய பிறப்பைக் கோட்டாட்சியர் போன்ற அதிகாரம் பெற்ற அதிகாரியின் ஆணையோடுதான் பதிய முடியும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, முகாம் பதிவேட்டு நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் வயதைக் கூட்டி எழுதும் பழக்கம் இங்கே தொல்லை கொடுக்கும். 1987 ஜூனிலா ஜூலையிலா என்பது தலையெழுத்தையே மாற்றும் வீடுகள் உண்டு.

மகன் இரண்டாவது வரிசை. அம்மாவோ அப்பாவோ இந்தியக் குடிமகன் என்று காட்ட முடியுமா என்று முதலில் தேடுங்கள். முகாமில் இருக்கும் எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்தவர் அல்ல. மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிக்குப் பெயர்ந்து, பிறகு கலவரத்தோடு இங்கே வந்தவர்களும் இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்றுவிட்டு, 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதால் அங்கேயே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பாட்டன் பெயரில் கண்டியில் கொடுத்த இந்தியக் குடியுரிமைச் சான்றிதழ் ஒன்று கிடைத்தால் கணக்கே வேறு.

அப்படி எதுவும் இல்லையென்றால் இந்திய வம்சாவளியினருக்கான 5ஆம் பிரிவுப் பதிவு. விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் 6 ஆண்டுகளும் இங்கே வசித்திருக்க வேண்டும். வசிப்பு எளிது. ஆனால் சட்டவிரோதக் குடியேறி இந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியாது என்பது முட்டுக்கட்டை. 2019இல் மதுரைக் கிளை 65 பேர் வழக்கில் அவர்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. குடியுரிமையை நீதிமன்றமே கொடுத்துவிடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு வந்தது. அது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக வழக்குப் போடாமல் காக்கும். குடியுரிமை தராது.

ஆதாரைக் காட்டி ‘நான் இந்தியன்’ என்று வாதாட வேண்டாம். ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று அதன் சட்டமே சொல்கிறது.

கேள்வி: பாட்டி நுவரெலியாவில் பிறந்தவர். நான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். இலங்கைக் குடியுரிமையும் சேர்த்து வாங்கலாமா? — வாசகி, மன்னார்குடி

முடியாது. இலங்கை சில நிபந்தனைகளோடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக வாங்கிய அந்தக் கணமே 1955 இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 35ஆம் எண் சட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வசித்த நாடற்றவர்களுக்கும் அங்கே இருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் வந்தது. உங்களுக்கு அல்ல.

கேள்வி: சிலோன் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகளை ‘இந்தியத் தமிழர்’ என்பதா, ‘இலங்கைத் தமிழர்’ என்பதா, ‘மலையகத் தமிழர்’ என்பதா? — வாசகர், மயிலாடுதுறை

அவர்களே கேட்பது மலையகத் தமிழர் என்ற பெயரை. அதுவே சரி என்பது எங்கள் கருத்து. இலங்கை மக்கள் கணக்கெடுப்பில் நெடுங்காலம் ‘இந்தியத் தமிழர்’ என்று தனி இனமாக எழுதினார்கள். 2012 கணக்கில் 8,39,504 பேர். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பெயரில் இன்னொரு நாடு ஒட்டிக்கொண்டிருப்பது சின்ன விஷயம் அல்ல. பக்கத்து வீட்டில் சண்டை வந்தால் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று சொல்ல அந்த ஒட்டு போதும். ‘கள்ளத்தோணி’ என்பது அங்கே அவர்களைக் குத்தும் வசை. யாழ்ப்பாணத்தார் சிலர் ‘வடக்கத்தியான்’ என்றார்கள்; தஞ்சாவூர்க்காரன் அங்கே வடக்கத்தியான்! திரும்பி வந்தவர்களை நம் ஊர்கள் ‘சிலோன்காரர்’ என்றன. இன்றும் தெருப்பெயரில் அது இருக்கிறது.

கேள்வி: நாகையிலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் அகதி முகாம் அட்டையைக் காட்டிப் போய் வரலாமா? — வாசகர், வேளாங்கண்ணி

கூடாது. 2023 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை வெளிநாட்டுப் பயணம்தான்; பாஸ்போர்ட்டும் குடிவரவுச் சோதனையும் உண்டு. முகாமில் இருப்பவர் நிரந்தரமாகத் திரும்புவதென்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணமும், இங்கே வெளியேறும் அனுமதியும் முதலில் வாங்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைத் தூதரகத்தில் பதியாமல் கிளம்பினால், அங்கே பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டியிருக்கும். பிறந்து ஓராண்டுக்குள் பதிவது முறை. தாமதமானாலும் அனுமதி கேட்டுப் பதியலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு அம்மா இலங்கையர் என்றாலும் போதும்.

கேள்வி: அத்தையின் இலங்கை அடையாள அட்டையில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. எண் மட்டும் 54632 என்று தொடங்குவது தெரிகிறது. பிறப்புச் சான்றின் நகல் எடுக்கத் தேதி கேட்கிறார்கள். — வாசகர், திருத்துறைப்பூண்டி

தேதி அந்த எண்ணிலேயே இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு: 1954. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 632இல் 500 போனால் 132. அந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பிப்ரவரி 29 நாள். ஏப்ரல் முடிய 121, ஆகவே 132 என்பது மே 11. சாதாரணக் காலண்டரில் எண்ணினால் மே 12 என்று ஒரு நாள் தள்ளி வரும், ஏமாந்துவிடாதீர்கள். (2016க்குப் பிந்தைய 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும்.)

விண்ணப்பத்தை அத்தை வாழ்ந்த ஊருக்கு அல்ல, பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு தோட்டங்கள் இருக்கும். அட்டை எடுக்கும்போது வயதை உத்தேசமாகச் சொல்லியிருக்கவும் கூடும் என்பதால், 1953 முதல் 1955 வரை தேடித் தரும்படி கேளுங்கள். பதிவு இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.